பாதிரியார் பங்களாவுக்குச் சுற்றிப்போட்ட கதை

தாராவியில் கண் எடுக்க வேண்டுமென்றால் முப்பிடாதியம்மாளிடம்தான் போக வேண்டும். தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது சந்து, தோல்பை தைக்கும் பட்டறைக்கு மேலே ஒற்றை அறை. செவ்வாயும் ஞாயிறும் விளக்கு வைக்கிற நேரத்தில் இரும்பு ஏணியின் அடியில் நாலைந்து பேர் காத்து நிற்பார்கள். பால் குடிக்காத குழந்தை, பரீட்சைக்குப் போகும் பையன், நிச்சயம் முடிந்த பெண், புதிதாக வாங்கிய ஆட்டோ என்று எல்லாமே வரும். எதிர்வீட்டு ஷைஸ்தாகூட, "மௌசி, நஜர் உதாரோ" என்று இந்தியில் கண் எடுக்கச் சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

ஏழு வற்றல் மிளகாய், ஒரு கை கல்லுப்பு, கொஞ்சம் கடுகு, கண் வைத்தவர் என்று சந்தேகப்படுகிறவரின் காலடி மண் ஒரு சிட்டிகை. மூன்று சுற்று சுற்றி, மூன்று தரம் துப்பச் சொல்லி, நெருப்பில் போட வேண்டும். இருமல் வந்தால் கண் எதுவும் இல்லை, போய் டாக்டரைப் பார். மிளகாய் கருகியும் நெடி வரவில்லை என்றால் கண் இருந்தது, இப்போது போய்விட்டது. முப்பிடாதி கை வைத்தால் நெடியே வராது என்று சந்தில் பேச்சு. காசு வாங்க மாட்டாள் என்பதால் மரியாதையும் ஜாஸ்தி.

அந்த மரியாதைக்காரர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்தச் சந்திலேயே, ஏன், சயானிலிருந்து மாஹிம் வரைக்குமே, முப்பிடாதியம்மாளைப் போல வயிற்றெரிச்சல் பிடித்தவள் வேறொருத்தி கிடையாது. கண் எந்த வழியாகப் போகும், எங்கே போய் உட்காரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படியாக இருந்ததற்கு அதுதான் காரணம். யார் வீட்டில் புது ஃப்ரிட்ஜ் வந்தாலும் முதலில் போய்ப் பார்த்து, வாயாரப் புகழ்ந்து, வயிறெரிந்து வீடு திரும்புவாள். பிறகு அவர்களே சுற்றிப்போடச் சொல்லி அவளிடம் வருவார்கள். தன் கண்ணைத் தானே எடுத்துக் கொடுப்பாள். கூட்டிக் கழித்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்பது அவளுடைய நியாயம்.

ஊராருக்கு வைத்த கண்ணெல்லாம் சில்லறைதான். மொத்தமாக அவள் கண் வைத்தது கூடப்பிறந்த தங்கை விஜயராணி மேல்.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து ஆறு வயதில் தாராவிக்கு வந்தவள் முப்பிடாதி. அடுத்த வருஷமே ராணி பிறந்தாள். அம்மா மிட்டாய்ப் பட்டறை வேலைக்குப் போக, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே திரிந்ததில் முப்பிடாதியின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. அவள் இடுப்பிலிருந்து இறங்கிய ராணி முனிசிபல் பள்ளிக்கூடத்தில் பத்தாவது பாஸ் செய்தாள். முடி முழங்கால் வரை வளர்ந்தது அவளுக்குத்தான். சினிமாக்காரன் மாதிரி மாப்பிள்ளை வாய்த்ததும் அவளுக்குத்தான். அந்த மாப்பிள்ளை ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனபோது முப்பிடாதி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே சொட்டு ஆறுதலும் இருந்தது என்பதை அவள் சாமியிடம்கூடச் சொன்னதில்லை.

இத்தனைக்கும் மேலே வந்து விழுந்ததுதான் பாதிரியார் பங்களா.

முப்பிடாதி செம்பூரில் பன்னிரண்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் ஆபீஸ் துடைக்கும் வேலை பார்த்தாள். அங்கே பத்மஜா மேடம் என்று மாட்டுங்காக்காரி ஒருத்தி. அந்த அம்மாளுக்கு வேண்டியவர்கள் ஒரு டிரஸ்ட் நடத்தினார்கள். தானேயில் ஒரு ஏரிக்கரையில் வெள்ளைக்காரப் பாதிரியார்கள் குடியிருந்த பழைய பங்களா இடிந்து கிடந்ததாம். அதைப் பழையபடியே செப்பனிட்டு ஜனங்களுக்குத் திறந்துவிடப் போகிறார்கள், கூடவே தங்கிப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஒரு பொம்பளை வேண்டும் என்று மேடம் முதலில் கேட்டது முப்பிடாதியைத்தான்.

முப்பிடாதி ஒருநாள் போய்ப் பார்த்தாள். கூரையில் பாதி இல்லை. சுவரைப் பிளந்துகொண்டு அரசமரம். சமையலறைக்குள் ஆடு நின்றது. "பேயி குடியிருக்க எடத்துல நான் என்ன செய்ய?" என்று திரும்பி வந்தவள், கிழிந்த புடவையைக் கொடுப்பதுபோல அந்த வேலையைத் தங்கைக்குத் தள்ளிவிட்டாள். ராணி அப்போது சுனாபட்டியில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகளை நர்சிங் படிக்கப் புனேவுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக இருந்தவளுக்கு ஆடு நின்றாலும் பேய் நின்றாலும் ஒன்றுதான். போய்விட்டாள்.

மூன்று வருஷம் வேலை நடந்தது. இந்த வருஷம் பங்களாவைத் திறந்தார்கள். அன்றிலிருந்து முப்பிடாதிக்குப் பிடித்தது சனியன், வாட்ஸப் ஸ்டேட்டஸ் வழியாக.

முதல் நாள் வராந்தா. அடுத்து மாடிப்படி. அதற்கடுத்து இடுப்பில் சாவிக்கொத்தோடு ராணி, அவளைச் சுற்றிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பிறகு ஒரு ஜன்னல் படம் வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஏரி, விளிம்பில் ஒரு கப் டீ, அவ்வளவுதான். அந்தப் படத்தை முப்பிடாதி பதினோரு தடவை பார்த்தாள். கடைசித் தடவை பார்த்தது பொதுக் கக்கூஸ் வரிசையில் நின்றுகொண்டு. "நான் போட்ட பிச்ச. எனக்கு வந்த எடம்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். முன்னால் நின்றவள் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாளே ராணி போன் செய்தாள்.

"யக்கா, ராத்திரி ஜன்னல் கண்ணாடி தானா விரிஞ்சிட்டுக்கா. போன வாரம் படித்துறையில வழுக்கி கால் பெசகிட்டு. பால் காச்சுனா திரிஞ்சி திரிஞ்சி போவுது. கண்ணுதான்க்கா. நீ வந்து சுத்திப்போடணும். செவ்வாக்கெழம பங்களா பந்த். யாரும் வர மாட்டாவ. வருவியா?"

முப்பிடாதிக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. சயானுக்கும் தானேக்கும் நடுவே எத்தனை ஸ்டேஷன். அத்தனையும் தாண்டிப்போய்க் கண்ணாடியை உடைத்திருக்கிறது தன் கண். அப்புறம் பயமாகவும் இருந்தது. "வாரேன்" என்றாள்.

கணவன் மாரிக்கண்ணன் பட்டறையிலிருந்து தலையை நீட்டி, "ஒன் தங்கச்சி வீட்டப் பாத்துட்டு வந்து இங்க எம்மேல எரிஞ்சி விழாத, என்னா?" என்று சொல்லித்தான் அனுப்பினான். முப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவனுக்குத் தெரியாதா?

அரை நாள் லீவு போட்டுவிட்டு, பையில் மிளகாய், உப்பு, கடுகு, சூடம், கொட்டாங்கச்சி எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு சயானில் ஸ்லோ லோக்கல் ஏறினாள். தானேயில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து ஏரிக்கரையில் இறங்கியபோது நாலரை மணி.

பங்களாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. சிவப்பு ஓட்டுக் கூரை, மரத்தூண் வைத்த நீண்ட வராந்தா, சுண்ணாம்புச் சுவர், பச்சை ஜன்னல். அரசமரத்தை எடுத்த இடத்தில் தடம்கூட இல்லை. வாசலில் ராணி நின்றாள், டிரஸ்ட் கொடுத்த கைத்தறிப் புடவையில். நாற்பத்திமூன்று வயதில் இவளுக்கு எதற்கு இன்னும் இந்த முடி என்று தோன்றியது முப்பிடாதிக்கு.

"வாக்கா" என்று கையைப் பிடித்து ஒவ்வொரு அறையாகக் கூட்டிப்போனாள் ராணி. பாதிரியாரின் எழுத்து மேஜை. காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம். கொசுவலை கட்டிய இரும்புக் கட்டில். சுவர்ப் பூச்சுக்கு வெல்லமும் கடுக்காயும் கலந்து அரைத்தார்களாம். ஜன்னல் கொக்கிகளைக்கூடப் பழைய மாதிரியே செய்து பூட்டியிருந்தார்கள். எல்லாவற்றையும் முதலில் இந்தியில் சொல்லிவிட்டு, "பழக்கதோஷம்க்கா" என்று சிரித்துத் தமிழில் சொன்னாள். கலெக்டரம்மா வந்தபோதும் இவள்தான் சுற்றிக் காட்டினாளாம். கலெக்டரம்மா வாயைத் திறக்காமல் கேட்டாளாம்.

"ஓரத்துல தூசி கெடக்கு" என்றாள் முப்பிடாதி. அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

நடுக்கூடத்துக்கு வந்ததும் அண்ணாந்து பார்த்தாள். தேக்குப் பலகை அடித்த மச்சு. அதன் நடுவில் வெள்ளையாக, வட்டமாக, சின்னத் தட்டு அளவில் ஒன்று ஒட்டியிருந்தது. அதற்குள் சிவப்பாக ஒரு பொட்டு, விட்டு விட்டு மின்னியது.

அது என்னவென்று முப்பிடாதிக்குத் தெரியும். செம்பூர் ஆபீசில் மாடிக்கு மாடி அது உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தாராவிக்கார பியூன் இசக்கிதுரை, வெள்ளிக்கிழமையாச்சே என்று டீ போடும் அறையில் சாம்பிராணி காட்டினான். அந்த வட்டம் அலறியது பாருங்கள், பன்னிரண்டு மாடி ஜனமும் படியிறங்கி ஓடியது. தீயணைப்பு வண்டி வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வேறு பியூன் வந்தான்.

"அது என்னட்டி?" என்று கேட்டாள், தெரியாதவள்போல.

"போன வாரம் எலெக்ட்ரிசியன் மாட்டிட்டுப் போனான். என்ன லைட்டோ. மேனேஜர் லீவுல போயிருக்காவ, வந்துதான் சொல்லித் தருவாவளாம்" என்றபடி ராணி நடந்துவிட்டாள். முப்பிடாதியும் மேலே எதுவும் சொல்லாமல் பின்னால் போனாள். அப்போது சொல்லக்கூடாது என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. சொல்லவில்லை, அவ்வளவே.

ராணியின் அறை பின்கட்டில் இருந்தது. அந்தக் காலத்தில் பாதிரியாரின் சமையல்காரன் இருந்த அறை. கட்டில், அலமாரி, கரண்டு அடுப்பு. அந்த ஜன்னல். விரிந்த கண்ணாடியில் டேப் ஒட்டியிருந்தது. ஏரியில் நாலு கொக்கு நின்றது. இதையெல்லாம்கூட முப்பிடாதி தாங்கிக்கொண்டாள். கால் கழுவ வேண்டும் என்று சொன்னதற்கு ராணி ஒரு கதவைத் திறந்துவிட்டாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

சொந்தக் கக்கூஸ். உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள். குழாயைத் திறந்தால் தண்ணீர். மேலே சின்னதாக ஒரு ஜன்னல்வேறு. ஐம்பது வயதில், முட்டி வலியோடு, விடியற்காலையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறவளுக்கு அதைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் முட்டியது. தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு தேவைக்கு மேலேயே உள்ளே நின்றாள். வெளியே யாரும் தட்டவில்லை. இதெல்லாம் எனக்கு வந்தது, நானே தூக்கிக் கொடுத்தேன், அவள் வைத்துக்கொண்டு ஸ்டேட்டஸ் போடுகிறாள் என்று நினைக்க நினைக்க அடிவயிறு பற்றி எரிந்தது.

டீ குடிக்கும்போது ராணி சொன்னாள்: "அடுத்த மாசத்தோட பங்களா தெறந்து ஆறு மாசம் முடியுதுக்கா. அதுக்கப்புறம்தான் பெர்மனென்ட். ரூலெல்லாம் ஒண்ணும் கஷ்டமில்ல. தீ மட்டும் ஆவாது. பழைய மரமில்லா? அதான் கேஸ்கூடக் குடுக்கல. தீ வச்சா அன்னைக்கே வெளிய போவணும்."

"அப்ப எப்பிடி மொளகா எரிப்ப?"

"ஒரு நிமிசம்தானக்கா? இன்னைக்கு யாரு பாக்கா? வீட்டுக்குக் கழிக்கணும்னா பொகை வீட்டுக்குள்ள போவணும்னு நீதான சொல்லுவ."

ஆமாம், அவள்தான் சொல்லுவாள். முப்பிடாதி டீயை உறிஞ்சினாள். ராணி வெளியே போனால் டிரஸ்ட்காரர்கள் யாரைக் கேட்பார்கள்? பத்மஜா மேடத்தைக் கேட்பார்கள். மேடம் யாரைக் கேட்பாள்? இந்தக் கணக்கு போட ஐந்தாம் வகுப்பே ஜாஸ்தி. மாரிக்கண்ணனுக்கு இந்த ஜன்னலோரத்தில் கட்டிலைப் போட்டுவிடலாம் என்பதுவரை அவள் மனசு போய்விட்டது.

விளக்கு வைக்கிற நேரம். நடுக்கூடத்தில், அந்த வட்டத்துக்கு நேர் கீழே, இரும்புச் சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள் ராணி. கொட்டாங்கச்சியை உடைத்துப் போட்டு நடுவில் சூடத்தை வைத்தாள். பக்கத்தில் காகிதப் பொட்டலம் மூன்று.

"மேனேஜர் சம்சாரம் காலடி மண்ணு, தோட்டக்காரன் மண்ணு, அன்னைக்கு ஒரு பணக்காரப் பொம்பள 'வாட் எ ஹவுஸ்'னு பெருமூச்சு விட்டா, அவ மண்ணு" என்றாள்.

முப்பிடாதி மிளகாயை எண்ணினாள். ஏழு.

ராணி தீக்குச்சியை உரசினாள். ஏரிக்காற்றில் அணைந்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தாள். அவள் போய்வந்த நேரத்துக்குள் சொல்லியிருக்கலாம். முப்பிடாதி மேலே பார்த்தாள், மின்னியது. கீழே பார்த்தாள்.

இரண்டாவது குச்சி நமுத்துப்போய் மருந்து உதிர்ந்தது. "ஏரிக்கரைல, எல்லாம் நமுத்துப் போவுது" என்று முனகிக்கொண்டே ராணி பெட்டியைத் தொடையில் தேய்த்தாள். சின்னப் பிள்ளையில் பலப்பத்தை அப்படித்தான் பாவாடையில் தேய்ப்பாள். இடுப்பில் இருந்துகொண்டே அக்காவின் கழுத்தில் அ எழுதிப் பார்ப்பாள். அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றதே அவளால்தான். முப்பிடாதிக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை. வாய் மட்டும் திறக்கவில்லை.

மூன்றாவது குச்சி பற்றியது. சூடம் பிடித்து, கொட்டாங்கச்சியின் நாரில் தீ ஏறி, கன்னங்கரேலென்று ஒரு புகை நூல் கிளம்பி மேலே போனது. ராணி கிழக்கே பார்த்துக் கண்ணை மூடி, கை கூப்பி நின்றாள். அக்கா பார்த்துக்கொள்வாள் என்கிற முகம்.

முப்பிடாதி அந்தப் புகை மச்சில் முட்டுவதற்கு ஒரு முழம் இருக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்ன வந்ததோ, குனிந்து வெறுங்கையால் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டம் எடுத்தாள். கூடம், வராந்தா, ஏழு படி, புல்தரை. தீ விரலை நக்கியது. "யம்மா யம்மா" என்று கத்திக்கொண்டே போய்ப் படித்துறையில் சட்டியைப் போட்டாள்.

பிசகின காலைச் சாய்த்துச் சாய்த்து ராணி பின்னால் ஓடிவந்தாள். "என்னக்கா? என்ன ஆச்சு? கிறுக்குப் புடிச்சிட்டா ஒனக்கு?"

"மச்சுல இருக்குல்லா, அது லைட்டு இல்லட்டி. பொகை போனா அலறும். ஊரே கூடிரும். தீயணைப்பு வண்டி வந்துரும்."

ராணிக்கு முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரம் பங்களாவையே திரும்பிப் பார்த்தாள். கலகலத்த சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அது லைட்டு இல்லன்னு ஒனக்கு எப்பக்கா தெரிஞ்சிது?"

முப்பிடாதி எரிகிற விரலை வாயில் வைத்துக்கொண்டாள். இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லிவிடலாம். நம்பிவிடுவாள்.

"வந்ததுமே" என்றாள்.

கொக்கு ஒன்று எழுந்து போனது. சட்டியில் கொட்டாங்கச்சி நன்றாகப் பிடித்துக்கொண்டு கனன்றது.

முப்பிடாதி அங்கேயே குந்தி, கூடத்தில் கிடந்த பையையும் பொட்டலங்களையும் ராணியை எடுத்துவரச் சொன்னாள். மூன்று பொட்டலத்தையும் பிரித்து உப்பு, கடுகு, மிளகாயோடு உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள். பிறகு செருப்பில்லாமல் ஓடிவந்த வலது காலைத் தூக்கி, உள்ளங்காலில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டி எடுத்து அதோடு போட்டாள். ராணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முப்பிடாதி எழுந்து அவளைக் கிழக்கே பார்க்க நிறுத்தி, கையை மூடிக்கொண்டு சுற்றினாள்.

"வந்த கண்ணு, போன கண்ணு, வாசல்ல நின்ன கண்ணு. ஊரான் கண்ணு, ஒறவுக் கண்ணு." மூன்றாவது சுற்றில் ஒன்றைக் கூட்டினாள். "கூடப் பொறந்தவ கண்ணு. எல்லாம் எரிஞ்சி போவட்டும். துப்பு."

ராணி மூன்று தரம் துப்பினாள். கங்கில் விழுந்த மிளகாய் படபடவென்று வெடித்துக் கறுத்தது. இருவரும் பக்கத்திலேயே நின்றார்கள். ஒரு தும்மல் இல்லை, இருமல் இல்லை. மூக்கைச் சுருக்க வைக்கிற அளவுக்குக்கூட நெடி வரவில்லை. காற்று ஏரிப் பக்கம் அடித்தது என்று யாராவது சொல்லலாம். முப்பிடாதி அப்படி நினைக்கவில்லை.

ராணி உள்ளே போய்ப் பற்பசையைக் கொண்டுவந்து அக்காவின் விரல்களில் தடவினாள். தடவிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்.

"மத்தவுக மண்ணெல்லாம் சும்மா பேருக்குத்தான்க்கா எடுத்து வச்சேன். ஒங் கால் மண்ண எப்பிடிக் கேக்கன்னுதான் தெரியாம இருந்தேன்."

முப்பிடாதி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "தெரியுமாட்டி ஒனக்கு?"

"சின்னப் பிள்ளையில அம்மா எனக்கு மட்டும் ரிப்பன் வாங்கின நாள்லருந்தே தெரியும்." ராணி மறுபடி கையை இழுத்து வைத்துக்கொண்டாள். "ஒன் இடுப்புலதானக்கா வளந்தேன். ஒன் வயிறு எரியுதது எனக்குத் தெரியாதா? இந்த விரல்ல இன்னும் கொஞ்சம் வைக்கேன், காட்டு."

அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் ராணி சோறு போட்டாள், முப்பிடாதி சாப்பிட்டாள். கிளம்பும்போது ஆட்டோ வரைக்கும் வந்து, "முட்டி வலிச்சா இங்க வந்து நாலு நாள் இருந்துட்டுப் போக்கா, கக்கூஸ் இருக்கு" என்றாள். கேலி இல்லை, உண்மையாகவேதான் சொன்னாள்.

சயான் லோக்கலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. முப்பிடாதி விரலை ஊதிக்கொண்டே யோசித்தாள். எல்லாம் தெரிந்திருந்தும் ராணி அவளையே கூப்பிட்டிருக்கிறாள். டீ கொடுத்தாள். தீக்குச்சியைப் பற்றவைத்து அவள் முன்னாலேயே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வந்ததுமே தெரியும் என்று சொன்ன பிறகும் மருந்து போட்டாள். நானாக இருந்தால் செய்திருப்பேனா? செய்திருக்க மாட்டேன். சட்டியைத் தூக்கி அவள் தலையில் கவிழ்த்திருப்பேன்.

முடியைக் கொடுத்த சாமி, ஜன்னலைக் கொடுத்த சாமி, அந்த மனசையும் அவளுக்கேதானா கொடுக்க வேண்டும்? குர்லா தாண்டும்போது அடிவயிற்றில் மறுபடியும் பழைய எரிச்சல் கிளம்பியது. முப்பிடாதி பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். மிளகாய் ஒன்றுகூட மிச்சமில்லை.